பவளக்கொடிக்கு இடம் பிடித்தவர்கள்

“ஆடாதீங்க! பின் குத்திரும்!”

வாயில் இரண்டு சேஃப்டி பின்னைக் கவ்விக்கொண்டு மிருதுளா சொன்னதால், அது பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது. சண்முகப்பிரியாவின் காக்கிச் சட்டைக்கு மேலேயே சேலையைச் சுற்றித் தோளில் மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள் அவள். காக்கியைக் கழற்ற நேரமில்லை. மணி பத்து முப்பத்தைந்து. மேருவா குழுமத்தின் வண்டி சிங்காநல்லூர் சிக்னலைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

“உங்க பேரு என்ன?”

“சண்முக...”

“அடி வாங்குவீங்க.”

“பவளக்கொடி.”

“வயசு?”

“முப்பத்தெட்டு. டீச்சர், நான் டவுன் பஸ் ஓட்டறவ. விடிஞ்சா போதும், ‘உள்ள போ, உள்ள போ’ன்னு கத்தறவ. என்னையப் போயி அமைதியான பொம்பளைன்னா எவன் நம்புவான்?”

“நான் சொல்லலைங்க. கம்பெனி சொல்லியிருக்கு.”

மிருதுளா கடைசிப் பின்னைக் குத்திவிட்டு, மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து நூறாவது தடவையாகப் படித்தாள். ‘குறுக்கிடாமை, நூற்றுக்கு நூறு. கவனம், நூற்றுக்கு நூறு. விடைகள், நூற்றுக்கு நூறு. ஓராண்டில் ஒருமுறைகூட வகுப்பின் நடுவே எழுந்து சென்றதில்லை. எங்கள் நாற்பது மையங்களிலும் முதல் மாணவியாக ஒன்பதாம் இருக்கை பவளக்கொடி அவர்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்ச்சி. பொன்னாடை அணிவிக்க நேரில் வருகிறோம். துலாவும் வருகிறது.’

“எப்படியம்மிணி எந்திரிச்சுப் போவா?” என்றாள் வாசலில் காவலுக்கு நின்ற ஜெஸிந்தா. “டிபன் கேரியர் தானா எந்திரிச்சு நடக்குமா?”

வகுப்பே சிரித்தது. பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். மிருதுளாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 

விஷயம் இதுதான். ஒன்பதாம் இருக்கையில் யாரும் இல்லை. ஒரு வருடமாக இல்லை.

*

2049-ல் ஒண்டிப்புதூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏழெட்டு வீட்டிலாவது ஒரு நடமாடி இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கி உட்காரவைக்கவும், மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போகவும் இரண்டு கை, இரண்டு கால், ஒரு பிளாஸ்டிக் முகத்தோடு வந்த யந்திரம். அது மக்கர் செய்தால்தான் தொல்லை. மூடியைத் திறக்கத் தெரிந்தவர் தெருவில் ஒருவர் கிடையாது. கம்பெனி ஆள் வர எட்டு நாள் ஆகும். அதுவரை பெரியவர் படுத்த இடத்திலேயே கிடப்பார்.

அதற்காகத்தான் மிருதுளா ‘கைவிளக்கு’ மையத்தைத் தொடங்கினாள். எப்போதோ மூடிப்போன மில் ஒன்றின் கேன்டீன்தான் வகுப்பறை. நடமாடியைத் திறப்பது, பேட்டரி பார்ப்பது, அரசாங்க யந்திரக் குமாஸ்தாவிடம் மனுப் போட்டு மல்லுக்கட்டுவது, சொந்தக்காரர் குரலில் வரும் மோசடி ஃபோனைக் கண்டுபிடிப்பது, எல்லாம் சொல்லித்தரப்படும். செலவு மேருவா குழுமத்துடையது. நடமாடிகளைச் செய்து விற்பதும் அவர்களே. “நோயையும் குடுத்து மருந்தையும் குடுக்கற தர்மப் பிரபுங்க” என்பாள் ஜெஸிந்தா. ஆனாலும் மேசை, நாற்காலி, பலகை எல்லாம் அவர்கள் கொடுத்ததுதான்.

எந்த மையத்துக்குத் தொடர்ந்து கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய மேருவாவில் மனிதர்கள் உட்காருவதில்லை. அது துலாவின் வேலை. துலா ஒரு யந்திர மூளை. எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவ்வப்போது இரண்டு வரியில் குறிப்பு அனுப்பும். அவ்வளவுதான். இந்த வருட முடிவு இன்றைக்கு. துலா ‘ஆம்’ என்றால் வகுப்பு தொடரும். ‘இல்லை’ என்றால் அடுத்த திங்கட்கிழமை கேன்டீன் கதவில் பூட்டு. அந்த இடத்துக்கு ட்ரோன் கம்பெனி ஒன்று ஏற்கெனவே அளவு எடுத்துவிட்டுப் போயிருந்தது.

வகுப்பறையில் கேமரா வைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், துலாவுக்குக் கண் கிடையாது. நாற்காலிதான் அதன் கண். ஆள் உட்கார்ந்தால் கனத்தையும் சூட்டையும் உணர்ந்து பச்சை விளக்கு எரியும். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு எழுத்துப்பலகை; யார் எத்தனை முறை குறுக்கே பேசினார்கள் என்று அது எண்ணிக்கொள்ளும். தினம் ஒரு கேள்வி வரும். மூன்று நாள் தொடர்ந்து நாற்காலி காலியாக இருந்தால், அந்தப் பெயர் அழிந்துபோகும். மறுபடி சேரவே முடியாது.

முதல் நாள் காலை. நீலக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். குடையில் ஒரு கம்பி முறிந்து, காக்கை இறகு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“பேரு?”

“பவளக்கொடி.”

ஹாசினி, வர்ஷினி என்று பேர் வைத்த தலைமுறை அது. “ஆத்தாடி, எந்தக் காலத்துப் பேரு! நூறு வருசம் முந்திப் பொறந்திருக்கோணும் நீ” என்று ஜெஸிந்தா கன்னத்தில் கை வைத்தாள். அவள் சிரித்தாள். ஒன்பதாம் இருக்கையில் உட்கார்ந்தாள். எதற்கும் வாய் திறக்கவில்லை. ஜெஸிந்தா கொடுத்த டீயைக் கையில் வாங்கி, வகுப்பு முடியும் வரை வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வாய் குடிக்கவில்லை. பக்கத்து இருக்கை தில்ஷாத் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சில்லுனு இருக்குது” என்று ஜெஸிந்தாவிடம் கிசுகிசுத்தாள்.

“ரத்தம் இல்லாத ஒடம்பு” என்று தீர்ப்பு சொன்னாள் ஜெஸிந்தா. “டீகூடத் தொண்டையில எறங்கல. வீட்ல என்னமோ கஷ்டம். கேட்டா அழுதுபோடுவா. கேக்காதீங்க.”

மத்தியானம் கிளம்பும்போது அவள் சொன்ன ஒரே வாக்கியம்: “அக்கா, என் இடத்தைப் பிடிச்சு வைங்க. வந்துடறேன்.”

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, பெயர் அழிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, ஜெஸிந்தா தன் தோள் துண்டை எடுத்து ஒன்பதாம் இருக்கையில் போட்டாள். காந்திபுரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தே வளர்ந்தவள் அவள். கேட்டவளுக்கு இடம் பிடித்துக் கொடுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

நாற்காலி துண்டை மதிக்கவில்லை. விளக்கு எரியவில்லை.

“கனம் வேணும் அக்கா” என்றாள் தில்ஷாத். “சூடும் வேணும்.”

சூட்டுக்கும் கனத்துக்கும் அங்கே பஞ்சமா? பன்னிரண்டு பேருடைய மதியச் சாப்பாடும் ஒன்பதாம் இருக்கைக்கு ஏறியது. ஜெஸிந்தா சொந்தமாக மெஸ் நடத்துபவள். வகுப்பு முடிந்ததும் ஆபீஸ்களுக்குக் கொண்டுபோகும் பெரிய சாம்பார் தூக்கும், சோற்று டிரம்மும் நடுவில் உட்கார்ந்தன. ஒல்லியான பெண் ஒருத்தியின் கனம். இதமான சூடு.

பளிச். பச்சை விளக்கு.

பலகையில் கேள்வி வந்தபோது சும்மா விட முடியவில்லை. ஒருத்தி ஒன்று சொல்ல, இன்னொருத்தி மறுக்க, கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பதிலைப் பவளக்கொடி பேரில் எழுதினார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. தங்கள் பலகையில் தனித்தனியாகத் தப்பு விடுவார்கள். ஒன்பதாவது பலகையில் பன்னிரண்டு பேரும் சண்டை போட்டு எழுதியதில் தப்பே வராது.

இதெல்லாம் மிருதுளாவுக்குத் தெரியும். ‘இன்னைக்கு வருவாள், நாளைக்கு வருவாள்’ என்று விட்டுவிட்டாள். தேடியும் போனாள். பதிவில் இருந்த விலாசம் நீலிக்கோணாம்பாளையத்தில் ஒரு பூட்டிய குடோன். பொய் விலாசம்.

“வெக்கப்பட்டுக் குடுத்திருப்பா, பாவம்” என்றாள் ஜெஸிந்தா. “ஆனா வழக்கமா அந்தப் பக்கம் போறவளாத்தான் இருக்கோணும். இல்லீனா இந்த விலாசம் வாயில வருமா?”

அந்த நியாயத்தை யாராலும் உடைக்க முடியவில்லை. எனவே வாராவாரம் சனிக்கிழமை ஆளுக்கொரு முறை வைத்து, அந்த வாரப் பாடத்தைக் கையால் எழுதி, குடோன் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார்கள். ரத்தம் ஊற ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் கூடவே போனது.

நடுவில் ஒருநாள் துலாவிடமிருந்து குறிப்பு வந்தது. ‘ஒன்பதாம் இருக்கை மாணவியின் எடை மதிய உணவுக்குப் பின் தினமும் குறைகிறது. மருத்துவரைப் பார்க்கச் சொல்லவும்.’

அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை. சிரித்துச் சிரித்துச் சண்முகப்பிரியாவுக்கு விக்கலே வந்துவிட்டது. சாப்பிட்டதும் இளைத்துப்போகிற பெண்ணை எந்த டாக்டரிடம் காட்டுவது?

இப்போது அந்தப் பெண்ணுக்குத்தான் பொன்னாடை.

*

“வண்டி வந்துபோச்சு!” ஜெஸிந்தா வாசலிலிருந்து ஓடிவந்தாள். “கறுப்பு வண்டி. அந்தத் துலாங்கறது பெட்டியாட்ட இருக்குமா, ஃபோனாட்ட இருக்குமா? டீ எத்தனை போடறது?”

“அதுக்கெல்லாம் டீ வேண்டாங்க்கா. சாமானை எடுங்க, சாமானை!”

பன்னிரண்டு கேரியர், தூக்கு, டிரம் எல்லாம் ஒன்பதாம் இருக்கையிலிருந்து சன்னல் மேடைக்குப் பறந்தன. சண்முகப்பிரியா அந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். சேலைக்குக் கீழே காக்கிப் பேன்ட் இரண்டு அங்குலம் தெரிந்தது. தில்ஷாத் குனிந்து அதைச் சுருட்டிவிட்டாள்.

தில்ஷாத்தின் மேசைமேல் அவளுடைய மதிப்பெண் தாள் கிடந்தது. அறுபத்தொன்று. ‘அதிகம் குறுக்கிடுகிறார். அடிக்கடி எழுந்து நடக்கிறார்.’ அந்த வகுப்பிலேயே நடமாடியின் மூடியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு திறக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். தையல் மெஷினை விட்டுவிட்டு, பழுது பார்க்கும் உரிமம் வாங்க அடுத்த மாதம் தேர்வு எழுத இருந்தாள். மையம் இருந்தால்தான் தேர்வு. மையத்தில் படிக்காதவர்களுக்கு அனுமதி இல்லை.

மிருதுளா அந்தத் தாளைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

உள்ளே வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். நல்ல உயரம். கையில் பட்டுச் சரிகை போட்ட பொன்னாடை. தோளில் ஒரு பை.

“வணக்கம்! நான் ருத்விக். மேருவால சமூகக் கல்விப் பிரிவைப் பாத்துக்கறேன். சென்னையில இருந்து வரேன். துலா வண்டியில இருக்கு. அப்புறமா வரேன்னு சொல்லிடுச்சு.” அவன் வகுப்பைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான். “எங்க நம்ம முதல் மாணவி?”

பன்னிரண்டு கைகள் ஒரே திசையில் நீண்டன. அதில் சண்முகப்பிரியாவின் கையும் ஒன்று. தன்னையே காட்டிக்கொண்டிருப்பது புரிந்து, சட்டென்று கையை மடக்கிக்கொண்டாள்.

“உக்காருங்க, உக்காருங்க. பவளக்கொடி மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி வந்துது. ‘நடமாடி திடீர்னு பெரியவரைத் தூக்க மறுத்தா முதல்ல எதைச் சோதிப்பீங்க?’ நாப்பது மையத்துலயும் பேட்டரி, மூட்டு, வயர்னு எழுதினாங்க. நீங்க என்ன எழுதினீங்கன்னு நினைவிருக்கா?”

சண்முகப்பிரியா மிருதுளாவைப் பார்த்தாள். மிருதுளா கூரையைப் பார்த்தாள்.

ருத்விக்கே தன் ஃபோனைப் பார்த்துப் படித்தான். “‘முதலில் பெரியவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். வலிக்கிற உடம்பைத் தூக்க அது தயங்கும். அது கெட்டுப்போகவில்லை. கவனித்துக்கொண்டிருக்கிறது.’ மேடம், எங்க இன்ஜினியருங்க ரெண்டு வருஷமா அந்தத் தோள் மூட்டைக் கழட்டி மாத்திக்கிட்டே இருந்தாங்க. ஒரு மூட்டும் கெட்டிருக்கல. எப்படிங்க தோணுச்சு?”

“தோணுச்சுங்.”

“எங்க பாத்தீங்க?”

“பஸ்லீங்.”

“பஸ்ல நடமாடியா?”

“ஆமாங். டிக்கெட் வாங்கிட்டுத்தான் ஏறுச்சுங்.”

பின்வரிசையில் யாரோ வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டது கேட்டது. ருத்விக்கின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. “அப்படியா! சரி. இந்தப் பதிலை அடுத்த வருஷம் எல்லா மையத்துப் பாடப் புத்தகத்துலயும் முதல் பக்கத்துல போடப்போறோம். உங்க பேரோட. ‘கண்டுபிடித்தவர், பவளக்கொடி’ன்னு.”

தில்ஷாத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அது அவளுடைய பதில். மாமியார் இடுப்பு வலியில் துடித்த நான்கு நாளும் நடமாடி அசையாமல் நின்றதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது. வகுப்பில் எழுந்து நின்று, குறுக்கே நடந்து, கையை ஆட்டி ஆட்டி மற்ற பதினொரு பேரோடும் சண்டை போட்டு நிலைநாட்டியது. குறுக்கிட்டதற்குத்தான் மதிப்பெண் போயிற்று.

“பரவால்ல டீச்சர்” என்று உதட்டசைவிலேயே சொன்னாள் தில்ஷாத். “மையம் இருக்கணும்.”

மிருதுளாவுக்கு அந்தப் ‘பரவால்ல’தான் பொறுக்கவில்லை. பொன்னாடை விரிந்தது. சண்முகப்பிரியாவின் தோளை நோக்கிப் போனது.

“சார், நிறுத்துங்க.”

குரல் அவளுடையதுதான். கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

“இவங்க பவளக்கொடி இல்லீங்க. சண்முகப்பிரியா. நாலாம் இருக்கை. பவளக்கொடி ஒரே ஒரு நாள்தான் வந்தாங்க. ஒரு வருஷமா நாங்கதான் வருகை காட்டுனோம். அந்தப் பதில் தில்ஷாத்தோடது. அறுபத்தொண்ணு வாங்குனாங்களே, அவங்க. மத்த பதிலெல்லாம் பன்னெண்டு பேரும் சேந்து எழுதுனது. பொறுப்பு என்னோடதுங்க. என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க. பரீட்சை மட்டும் இவங்க எழுதட்டும்.”

ருத்விக்கின் கையில் பொன்னாடை பாதியில் நின்றது.

பிறகு ஒரே கூச்சல்.

“டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுங்! நாந்தான் சோத்து டிரம்மை வெச்சவ!” என்று முன்னால் வந்தாள் ஜெஸிந்தா.

“சூடு வேணும்னு சொன்னது நான்” என்றாள் தில்ஷாத்.

“எனக்கு இந்தச் சேலை வேண்டவே வேண்டாம்னு அப்பவே சொன்னனுங்” என்றாள் சண்முகப்பிரியா. சொல்லும்போதே தோளில் பின் ஒன்று கழன்று, காக்கிச் சட்டை முழுசாக வெளியே வந்தது.

ருத்விக் பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டான். சன்னல் மேடைக்குப் போய்ச் சாம்பார் தூக்கின் மூடியைத் தொட்டுப் பார்த்தான்.

“இதுதான் அந்த முதல் மாணவியா?”

“ஆமாங்.”

“முருங்கைக்காயா?”

“கத்திரிக்காயும் கெடக்குதுங்” என்றாள் ஜெஸிந்தா, குற்றவாளிக் குரலில்.

அவன் பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். நூலால் கட்டிய தாள்கள். ஐம்பத்தொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. மேல் தாளில், ‘பவளக்கொடி கண்ணு, இந்த வாரம் மூட்டுப் பாடம். படம் சரியா வரல, மன்னிச்சுக்கோ. பேரீச்சம்பழத்தைப் பால்ல ஊறப் போட்டுச் சாப்பிடு’ என்று இருந்தது.

ஜெஸிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். “இது நான் எழுதுனதுங். இது எப்படி உங்க கையில...”

“நீலிக்கோணாம்பாளையம் குடோன் எங்களுதுங்க. ஒரு வருஷமா ஷட்டரைத் திறக்காம வெச்சிருந்தோம். திறக்கக் கூடாதுன்னு துலா உத்தரவு. நேத்துத்தான் திறந்தோம்.” அவன் சிரித்தான். “எறும்பு மட்டும் ஒரு லாரி இருந்துது. பேரீச்சம்பழத்தோட வேலை.”

“எனக்குப் புரியலைங்க” என்றாள் மிருதுளா.

“டீச்சர், அந்த மார்க்கு போடற திட்டம் நிர்வாகத்தோடது. யார் பேசாம உக்காந்திருக்காங்களோ அவங்கதான் நல்ல மாணவின்னு எங்க ஆளுங்க போட்ட சட்டம். அதுல உங்க சாம்பார் ஜெயிச்சிடுச்சு. அந்த ஒரு விஷயத்தாலயே இனிமே அந்தத் திட்டம் கிடையாது. நாற்காலிக்கே பரிசு குடுக்கப் பாத்தோம்னு தெரிஞ்சதும் எங்க சேர்மன் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.”

“அப்போ துலா எதை வெச்சு முடிவு எடுக்குமுங்க?”

“ஒரே ஒரு விஷயத்தை வெச்சு. துலா ஒரு வருஷம் முன்னாடியே சொல்லிடுச்சு. ‘வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்க எல்லாருக்கும் தெரியும். வராதவங்களை என்ன பண்றாங்கன்னு பாக்கணும்’னு. அதனால நாப்பது மையத்துலயும் முதல் நாள் ஒரு பேரு சேந்துது. ஒரு நாள் வந்துது. அப்புறம் வரல.”

“பவளக்கொடி” என்றாள் தில்ஷாத் மெதுவாக.

“நாப்பது ஊர்லயும் அதே பேரு. இருபத்தஞ்சு மையத்துல மூணாம் நாள் பேரு அழிஞ்சுது. யாரும் கவனிக்கல. பதினாலு மையத்துல வந்ததாக் காட்டினாங்க. ஆனா தேடல. ஆள் எண்ணிக்கை குறைஞ்சா உதவி குறையும்ங்கற பயம். வீடு தேடிப் போனது, பாடத்தை எழுதிக் கொண்டுபோனது, ஒரு மையம்தான். இன்னைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா அதுவும் கணக்குல வந்திருக்காது. அதைப் பாக்கத்தான் பஸ் கதையை அவ்வளவு நேரம் கேட்டேன்.” அவன் சண்முகப்பிரியாவைப் பார்த்து, “டிக்கெட் வாங்கிட்டு ஏறுச்சுன்னு சொன்னப்ப சிரிக்காம நிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா மேடம்?” என்றான்.

பையிலிருந்து இரண்டு உறைகள் வந்தன. “இது மெமோ. பொய் வருகைக்கு. ஒழுங்கா பதில் எழுதிக் குடுத்துடுங்க. இது இன்னொண்ணு.”

மிருதுளா இரண்டாவதைப் பிரித்தாள். எழுத்துகள் கண்ணில் ஆடின. மையம் தொடரும். ஐந்து வருடத்துக்குத் தொடரும். மற்ற முப்பத்தொன்பது மையங்களும் மூடப்படாது, ஆனால் ஒண்டிப்புதூர் பெண்கள் நேரில் போய் ஒரு வாரம் அவர்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும்.

“என்ன பாடமுங்க?” என்று எட்டிப்பார்த்தாள் ஜெஸிந்தா.

“இடம் பிடிக்கற பாடம்” என்றான் ருத்விக். கையிலிருந்த பொன்னாடையைத் தில்ஷாத்தின் தோளில் போட்டான். அவள் அழ ஆரம்பித்தாள். ஜெஸிந்தா அவளை அதட்டினாள். அதட்டும்போதே தானும் அழுதாள். சண்முகப்பிரியா, “உள்ள போ, உள்ள போ!” என்று பஸ் குரலில் கத்தி எல்லாரையும் ஒரே கட்டிப்பிடியில் அடக்கினாள்.

அந்தக் களேபரத்திலும் தில்ஷாத்துக்குத்தான் கேள்வி வந்தது. குறுக்கிடுவது அவள் வழக்கம்.

“சார், ஒரு நிமிசம். நாப்பது ஊர்லயும் முதல் வகுப்பு ஒரே காலையிலதான நடந்துது? ஒரே பொம்பளை எப்படி நாப்பது ஊர்ல உக்கார முடியும்? நாப்பது பேரை வேலைக்கு வெச்சீங்களா?”

“இல்லையே.”

“அப்புறம்?”

“அவங்ககிட்டயே கேளுங்க” என்றான் ருத்விக். வாசல் பக்கம் திரும்பினான். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

முதலில் குடைதான் வந்தது. நீலக் குடை. முறிந்த கம்பி காக்கை இறகு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அதே முகம். அதே சிரிப்பு. ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட வயது கூடவில்லை. ஒரு துளிகூட வியர்வை இல்லை.

“அடியே பவளக்கொடி!” ஜெஸிந்தா பாய்ந்து போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எங்கடீ போய்த் தொலைஞ்சே? ஒரு வருசமா உன்னையத் தேடாத எடம் இல்ல! சாப்பிட்டியா? கை இன்னும் அதே சில்லுனு...”

வாக்கியம் பாதியில் நின்றது. ஒரு வருடமாக நடமாடிகளைத் திறந்து மூடிய விரல்கள் அவை. மணிக்கட்டுக்குக் கீழே, தோலுக்கு அடியில், மிக மெல்லிய ஒரு துடிப்பை அவை இப்போதுதான் படித்தன. நாடி அல்ல. மோட்டார்.

தில்ஷாத் பொன்னாடையோடு மெதுவாக எழுந்து நின்றாள்.

வந்தவள் ஜெஸிந்தாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் இருக்கையைப் பார்த்தாள். சன்னல் மேடையில் வரிசையாக நின்ற டிபன் கேரியர்களைப் பார்த்தாள். ஜெஸிந்தாவின் பக்கம் திரும்பினாள்.

“இடம் பிடிச்சு வெச்சதுக்கு நன்றி, அக்கா. ஆனா, மத்தியானத்துக்கு மேல இளைச்சுப் போறா, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு அவ்வளவு அக்கறையா எழுதினேன். கடைசி வரைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போகவே இல்லையே நீங்க?”